புது பேஸ் கிட்டாரை 60 வருஷம் பழசாக்குறது: ஒரு ரெலிக் வேலையோட முழு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுல வர்ற பொருள் ஒரு நாலு கம்பி பேஸ். ஃபெண்டர் கம்பெனியோட ப்ரெசிஷன் பேஸ் வடிவம், ஆல்டர் மர பாடி, மேப்பிள் நெக், ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, எல்லாமே புதுசு, தனித்தனி பார்ட்ஸா வாங்கி சேர்த்தது. கொண்டு வந்தவர் மேடைல தொடர்ந்து வாசிக்கிற ஆள், என்னைவிட வயசுல சின்னவர். அவர் கேட்டது ஒரே வரி: "அண்ணா, 1962ல வாங்கி அன்னிலேர்ந்து யாரோ வாசிச்சுட்டே இருந்த மாதிரி வேணும், ஆனா உப்புத்தாள் போட்டு தேய்ச்சிருக்காங்கன்னு பாத்தா தெரியக்கூடாது."

முதல் பாதி ஈஸி. ரெண்டாவது பாதிதான் மொத்த வேலையும். கண்ணுக்கு உறுத்துற ரெலிக் (வேணும்னே பழசாக்குன) கிட்டார்களை எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் தேய்மானம் எங்க இருக்குன்னா மெஷினுக்கும் உப்புத்தாளுக்கும் வசதியா எட்டுற எடத்துல இருக்கும், வாசிக்கிறவன் உடம்பு படுற எடத்துல இருக்காது. அதனால இந்த வேலைக்கு நான் வெச்சுக்கிட்ட விதி ஒன்னுதான், ஒவ்வொரு அடையாளத்துக்கும் "இது எதனால வந்துச்சு"ன்னு கேட்டா பதில் இருக்கணும், பதில் இல்லாத கீறல் ஒன்னுகூட போடக்கூடாது. கீழ எழுதுறது எல்லாமே அந்த விதி எங்கெங்க நம்மள இழுத்துட்டுப் போச்சுங்கிறதுதான்.

முன்கதை கொஞ்சம்

பழசாக்குறது கிட்டார்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல வில்லோம்னு ஒரு வயலின் தயாரிப்பாளர் ஸ்ட்ராடிவேரி, குவார்னேரி வயலின்களை தேய்மானத்தோட சேர்த்தே நகல் எடுத்தார். பகனினியோட 'கனோனே' வயலினுக்கு அவர் செஞ்ச நகலைப் பாத்து பகனினியே முதல்ல எது தன்னோடதுன்னு தெரியாம முழிச்சார்னு ஒரு கதை உண்டு. வயலின் உலகத்துல இன்னிக்கும் புது வயலினை பழசு மாதிரி முடிச்சுக் குடுக்கிறது சர்வசாதாரணம், யாரும் அதுக்கு சண்டை போடுறதில்ல. கிட்டார்ல மட்டும் ஏன் இவ்ளோ கோபம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

கிட்டார் பக்கம் இது கம்பெனி அளவுல ஆரம்பிச்சது 1995ல. 1987ல தொடங்குன ஃபெண்டர் கஸ்டம் ஷாப், அந்த வருஷம் ஜனவரி NAMM இசைக்கருவி கண்காட்சில ரெலிக்னு பேர் வெச்சு ரெண்டு மாடல் வெச்சாங்க, ஒன்னு நோகாஸ்டர், இன்னொன்னு மேரி கே ஸ்ட்ராட்டோகாஸ்டர். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸுக்கு செஞ்ச கிட்டார் ரொம்ப புதுசா பளபளன்னு இருக்குன்னு அவர் குறைபட்டதுலேர்ந்து இந்த யோசனை வந்துச்சுன்னு பரவலா சொல்லுவாங்க. அந்த ஆரம்பகால ரெலிக் வேலையை செஞ்சது ஃபேக்டரிக்குள்ள கூட இல்ல. ஃபெண்டர் ஃபேக்டரி இருக்கிற கலிஃபோர்னியா கொரோனா ஊர்லேர்ந்து பாடியும் நெக்கும் மிசௌரில இருந்த வின்ஸ் குனெட்டோங்கிறவர் பட்டறைக்குப் போகும், அவர் பெயிண்ட் அடிச்சு பழசாக்கி திருப்பி அனுப்புவார், கொரோனால கோர்ப்பாங்க. 1999 வரைக்கும் இப்படி ஓடுச்சு, அப்புறம் வேலையை உள்ளயே எடுத்துக்கிட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா குனெட்டோ காலத்து ரெலிக்னாலே இப்போ தேடி வாங்குறவங்க இருக்காங்க, போலியா பழசாக்குனது நெஜமாவே 30 வருஷம் பழசாயிடுச்சு.

ஃபெண்டர் அப்புறம் படிப்படியா தரம் பிரிச்சாங்க. அன்னிக்கு கடைலேர்ந்து வந்த மாதிரி இருந்தா என்ஓஎஸ், வாங்கி ரெண்டு தடவை வாசிச்சுட்டு அலமாரில வெச்ச மாதிரி இருந்தா க்ளோசெட் க்ளாசிக், நல்லா அடிபட்டிருந்தா ரெலிக். 2009ல மெக்சிகோல செஞ்ச ரோட் வோர்ன் சீரீஸ் வந்ததும் கஸ்டம் ஷாப் காசு குடுக்க முடியாதவங்க கைக்கும் இது வந்துச்சு. இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்சன் பக்கம் டாம் மர்ஃபி. அவர் ஆரம்பத்துல லாக்கர்ல (கிட்டார் மேல அடிக்கிற பளபளப்பு பூச்சு) விரிசல் கோட்டை பிளேடால கீறித்தான் போட்டார், அது நேர்கோடா தெரியுதுன்னு குறை சொன்னவங்க உண்டு. பின்னாடி மர்ஃபி லேப்னு வந்தப்போ தானாவே விரியுற மாதிரி லாக்கரையே மாத்திட்டாங்க. இந்தப் பிளேடா, தானா விரியுறதாங்கிற கேள்வி நம்ம பேஸுக்கும் வந்துச்சு, கீழ வர்றேன்.

எந்த பாடில முடியும், எதுல முடியாது

நம்ம ஆள் முதல்ல தூக்கிட்டு வந்தது பாலியெஸ்டர் ஃபினிஷ் போட்ட பாடி. அதை அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன். பாலி கெட்டியாகும்போது அதோட மூலக்கூறு எல்லாம் ஒன்னோட ஒன்னு நிரந்தரமா பின்னிக்கும், அப்புறம் தின்னர் ஊத்தினாலும் கரையாது, மரம் சுருங்கினாலும் விரிஞ்சாலும் அதுபாட்டுக்கு இருக்கும். அடிபட்டா தடிமனா சில்லு சில்லா பேந்து வரும், விளிம்பு கத்தி மாதிரி நிக்கும். ஃபெண்டர் 60கள் கடைசில பாலியெஸ்டருக்கு மாறுனாங்க, அதனால 70கள் பேஸ் வேணும்னா பாலில பண்ணலாம், அந்த சில்லுதான் அதுக்கு சரி. 62ன்னு சொல்லிட்டு பாலி வெச்சா முதல் கீறல்லயே கதை கந்தல்.

62க்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான். 1920கள்ல காருக்காக வந்த பெயிண்ட் இது, ஃபெண்டரோட கஸ்டம் கலர்கள் பெரும்பாலும் அன்னிக்கு கார் பெயிண்ட் வரிசைலேர்ந்து எடுத்ததுதான். நைட்ரோல இருக்கிற தின்னர் ஆவியாப் போய்தான் அது காயும், காஞ்சப்புறமும் அதை வளைஞ்சு குடுக்க வெக்கிற பிளாஸ்டிசைசர் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வெளிய போய்ட்டே இருக்கும். ஃபினிஷ் மெலிஞ்சு மர நாருக்குள்ள அமுங்கும், மஞ்சளாகும், உடையுற பதத்துக்கு வரும், அடில மரம் சூட்டுக்கும் குளிருக்கும் ஈரத்துக்கும் அசையும்போது மேல இருக்கிறது தாங்காம விரியும். பழைய கிட்டார்ல நாம ரசிக்கிற அத்தனையும் அந்த பெயிண்டோட பலவீனம்தான்.

ஒரு எச்சரிக்கை இங்கயே சொல்லிடறேன். நைட்ரோசெல்லுலோஸ் சட்டுன்னு தீப்பிடிக்கிற சாமான், பழைய சினிமா ஃபிலிம் எரிஞ்சதும் அதே குடும்பத்தாலதான். ஹீட் கன் வெச்சு வேலை பாக்குறவங்க இதை மறந்துடுறாங்க. தேய்ச்ச தூளும் அதே ரகம்தான், குவிய விடாதீங்க, மாஸ்க் இல்லாம உக்காராதீங்க.

பேஸுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு

கருவியைத் தொடறதுக்கு முன்னாடி அது எப்படி வாழ்ந்துச்சுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதினோம். சிலருக்கு இது சிரிப்பா இருக்கும், ஆனா இதை எழுதாம ஆரம்பிச்சா கை சும்மா கீறிட்டே போகும்.

பேஸுல யோசிக்க வேண்டியது கிட்டாரைவிட ஜாஸ்தி. 60கள் ப்ரெசிஷன் பேஸ்ல ஒரு சின்ன விரல் பிடி இருக்கும், அது ஜி கம்பி பக்கம், அதாவது கீழ. மத்த விரலையெல்லாம் அதுல மாட்டிக்கிட்டு கட்டைவிரலால கம்பியைத் தட்டணும்ங்கிறதுதான் அன்னிக்கு கணக்கு. 1974 வாக்குலதான் அது ஈ கம்பி பக்கம் மேல போச்சு, எல்லாரும் விரலால வாசிக்க ஆரம்பிச்சு கட்டைவிரலுக்கு எடம் தேட ஆரம்பிச்ச பின்னாடி. அப்புறம் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) மேல ஒரு உலோக மூடி, ப்ரிட்ஜுக்கு (கம்பி முனை பாடில மாட்டுற எடம்) மேல இன்னொன்னு, ப்ரிட்ஜ் மூடிக்கு அடில கம்பி சத்தத்தை அமுக்க ஒரு ஃபோம் துண்டு. நெறைய பேர் இந்த மூடியை வாங்குன வாரமே கழட்டிப் போட்டாங்க. அமெரிக்காவோட மோடவுன் கம்பெனி பாட்டுகள்ல வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கழட்டல, அவர் 62 ப்ரெசிஷன்ல மூடியை வெச்சுக்கிட்டே, தடிமனான ஃப்ளாட்வூண்ட் (மேல்பக்கம் தட்டையா வழவழன்னு இருக்கிற) கம்பி போட்டு, ஒரே ஆள்காட்டி விரலால வாசிச்சார். அந்த பேஸ் 1983ல அவர் சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்ன திருடு போச்சு.

நம்ம கதை இப்படி. முதல் பத்து வருஷம் மூடி ரெண்டும் மாட்டியே இருந்துச்சு, வாசிச்சவர் கட்டைவிரல்காரர், ஃப்ளாட்வூண்ட் கம்பி. அப்புறம் கை மாறுச்சு, ரெண்டாவது ஆள் மூடியைக் கழட்டிட்டு விரலால வாசிச்சார், நின்னுக்கிட்டு, பெல்ட் போட்டுக்கிட்டு. இதுலேர்ந்து ஒவ்வொன்னா தானா விழுது. மூடி இருந்த எடத்துல வெயிலும் வியர்வையும் பட்டிருக்காது, அதனால பெயிண்ட் அங்க வெளிறி, அதாவது மஞ்சளாகாம இருக்கணும். மூடியோட ஸ்க்ரூ ஓட்டை பாடில காலியா இருக்கணும், ஓரத்துல லேசா அழுக்கு அடைஞ்சு. விரல் பிடியோட ரெண்டு ஓட்டை ஜி கம்பி பக்கம் இருக்கணும். ஃப்ளாட்வூண்ட் கம்பி ஃப்ரெட்டை அவ்வளவா தின்னாது, அதனால ஃப்ரெட்ல பெரிய பள்ளம் இருக்கக்கூடாது, பள்ளம் வெட்டினா கதையே பொய். பின்னாடி பக்கிள் தேய்மானம் உண்டு, ஆனா நெறைய இல்ல, ஏன்னா முதல் பத்து வருஷம் உக்காந்து வாசிச்சவர். ஹெட்ஸ்டாக் (நெக்கோட தலைப்பகுதி) நுனி நல்லா அடிபட்டிருக்கணும், பேஸ் நீளமான கருவி, ஸ்கேலே (கம்பி அதிர்ற நீளம்) 34 இன்ச், மேடைல திரும்புனா டிரம்ஸ் சிம்பல்லயோ செவுத்துலயோ இடிக்காத பேஸிஸ்ட் உலகத்துல கிடையாது.

இந்தப் பட்டியலைப் படிச்சுட்டு நம்ம ஆள் சொன்னது, "நான் மூடியே வாங்கலையே அண்ணா, அதுக்கு எதுக்கு ஓட்டை?" அதுக்குத்தான் ஓட்டைன்னு சொன்னேன். காலியா இருக்கிற ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை பண்ற வேலையை அரை அடி தேய்மானம் பண்ணாது.

வரிசை மாறினா வேஷம் கலையும்

காலம் என்ன வரிசைல வேலை செஞ்சுதோ அதே வரிசைல நாமளும் செய்யணும். முதல்ல நிறம் மாறும், அப்புறம் விரியும், நடுநடுவுல அடிபடும், தேய்மானம் மெதுவா கூடவே வரும், அழுக்கு எல்லாத்துக்குள்ளயும் போய் உக்காரும். தேய்ச்சு மரம் தெரிஞ்சப்புறம் விரிசல் வர வெச்சீங்கன்னா கோடு தேஞ்ச எடத்தோட ஓரத்துல வந்து சம்பந்தமில்லாம திசை மாறும். அழுக்கைப் பூசிட்டு சில்லு எடுத்தீங்கன்னா சில்லுக்குள்ள மரம் வெள்ளை வெளேர்னு நேத்து ஒடஞ்ச மாதிரி சிரிக்கும்.

நிறம். பாடி ஒலிம்பிக் ஒயிட், காலப்போக்குல க்ரீம் கலருக்குப் போற ரகம். மாறுறது வெள்ளை மட்டும் இல்ல, மேல அடிச்ச க்ளியர் லாக்கர் மஞ்சளாகுது, அதனாலதான் பழைய லேக் ப்ளாசிட் ப்ளூ கிட்டார்கள் பச்சையா தெரியுது, நீலத்து மேல மஞ்சள் கண்ணாடி வெச்சா வேற என்ன வரும். இதைச் செய்ய ரெண்டு வழி, லாக்கர்லயே லேசா மஞ்சள் சாயம் கலந்து அடிக்கிறது, இல்லனா யூவி லைட்டுக்கு அடில வெக்கிறது. சாயம் வேகமா முடிஞ்சுடும், ஆனா பாடி முழுக்க ஒரே மஞ்சளா இருக்கும், பிக்கார்டை (பாடி மேல கீறல் விழாம மாட்டுற பிளாஸ்டிக் தகடு) கழட்டிப் பாத்தா அடிலயும் அதே மஞ்சள், அங்க மாட்டிக்குவீங்க. நாங்க பிக்கார்டையும், கடன் வாங்குன மூடி ரெண்டையும் மாட்டி யூவிக்கு அடில வெச்சோம். கழட்டினப்போ மூடி இருந்த எடத்துல ஓரம் மங்கலா ஒரு வெளிர் கட்டம், பாத்தவுடனே "இங்க ஏதோ இருந்திருக்கு"ன்னு சொல்ற மாதிரி. மொத்த வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான்.

விரிசல். இதுக்கு லாக்கர் நல்லா இறுகியிருக்கணும், புதுசா அடிச்ச லாக்கர் இன்னும் வளைஞ்சு குடுக்கும், விரியாது. ஸ்ப்ரே கேன் லாக்கர் சிலதுல பிளாஸ்டிசைசர் ஜாஸ்தி, அதை என்ன குளிர வெச்சாலும் ஒன்னும் ஆகாது, வாங்கும்போதே இதைக் கேட்டுக்கணும். முறை எளிசு, பாடியை ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து சாதாரண சூட்டுக்குக் கொண்டு வர்றது, திரும்ப வெக்கிறது. கம்ப்யூட்டர் தூசி ஊதுற கேனைத் தலைகீழா பிடிச்சு ஸ்ப்ரே பண்றவங்களும் உண்டு, அதுல வர்ற திரவம் அவ்ளோ குளிர், பட்ட எடத்துல டிக்னு சத்தத்தோட கோடு ஓடும். ஆனா அந்த வாயு தீப்பிடிக்கும், கைல பட்டா தோல் உறைஞ்சுடும், பக்கத்துல ஹீட் கன் வெச்சுக்கிட்டு இதைப் பண்றவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும். நாங்க பெரும்பகுதி ஃப்ரீசரையே நம்பினோம். பிளேடு வேணவே வேணாம்னு முடிவு பண்ணதுக்குக் காரணம் என்னன்னா, தானா வந்த விரிசலுக்கு ஓரம் கிடையாது, விரலை வெச்சா தெரியாது, வெளிச்சத்தைச் சாய்ச்சாதான் கண்ணுக்கு வரும். பிளேடு கோடு விரல்லயே தட்டுப்படும்.

அடியும் சில்லும். சாவிக்கொத்து, மர மேஜை ஓரம், ஸ்ட்ராப் பக்கிள், மைக் ஸ்டாண்ட் கம்பி, இவ்ளோதான் ஆயுதம். நெஜத்துல எது இடிக்குமோ அதாலயே இடிக்கணும், சுத்தியலோட உருண்டை முகம் பட்ட பள்ளம் எந்த மேடைலயும் யாருக்கும் விழாது. பாடியோட கீழ் வளைவு ஓரம், ஸ்ட்ராப் பின் சுத்தி, ஹெட்ஸ்டாக் நுனி, அவ்ளோதான். முன்பக்கம் நட்டநடுவுல ஒரு அடி போடலாமான்னு நம்ம ஆள் ஆசைப்பட்டார், அங்க எது வந்து இடிக்கும்னு கேட்டேன், விட்டுட்டார்.

முழங்கை தேய்மானத்தைக் கிட்டப் போய்ப் பாத்தா

எல்லா ரெலிக்கும் ஜெயிக்கிறதும் தோக்குறதும் இந்த எடத்துலதான், பாடியோட மேல் விளிம்புல வலது முன்னங்கை வந்து படியுற அந்த சரிவு. அதனால இதை விலாவாரியா சொல்றேன்.

நெஜ தேய்மானத்துல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் பெயிண்ட், அந்தப் பக்கம் மரம்னு இருக்காது. வெளிலேர்ந்து உள்ள வந்தீங்கன்னா முதல்ல பளபளப்பு போய் மங்கியிருக்கும், அப்புறம் மஞ்சள் க்ளியர் தேஞ்சு அடில இருக்கிற வெள்ளை கொஞ்சம் சுத்தமா தெரியும், அதாவது தேஞ்ச எடம் சுத்தி இருக்கிறதைவிட வெளிர்! இதை விட்டுடறவங்கதான் ஜாஸ்தி. அப்புறம் வெள்ளை மெலிஞ்சு அடிப்பூச்சு கண்ணாடி மாதிரி தெரியும், அதுக்கும் உள்ளதான் மரம். 60கள் ஃபெண்டர்கள் சிலதுல வெள்ளைக்கு அடில சன்பர்ஸ்ட் இருக்கும், ஏற்கனவே சன்பர்ஸ்ட் அடிச்ச பாடி மேலயே கஸ்டம் கலர் அடிச்சு அனுப்பினது, தேஞ்சப்புறம் அடில சிவப்பும் கருப்பும் எட்டிப் பாக்கும். நாங்க அதுக்குப் போகல, அழகா இருக்கும்தான், ஆனா இப்போ அது எல்லா ரெலிக்லயும் வந்து சலிச்சுப் போச்சு.

தேய்க்க நாங்க எடுத்தது தண்ணில நனைச்ச மெல்லிசு உப்புத்தாளும், அது மேல ஜீன்ஸ் துணியும். உப்புத்தாளை விரல் நுனியால பிடிக்காம, சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு முன்னங்கை அடிப்பக்கத்துல சுத்திக்கிட்டு, பேஸை மடில வெச்சு வாசிக்கிற மாதிரியே கையை ஆட்டித் தேய்க்கிறது. கேக்க கோமாளித்தனமா இருக்கும், ஆனா எங்க அழுத்தம் விழுதுன்னு கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நான் மனசுல வரைஞ்சு வெச்சிருந்த எடத்தைவிட கொஞ்சம் பின்னாடி, ப்ரிட்ஜ் பக்கமா தேஞ்சுது. மரம் ஒரு உள்ளங்கை அகலம் வந்ததும் நிறுத்தியாச்சு.

வந்த மரம் வெளுப்பா இருக்கும், அப்படியே விட்டா தச்சன் பட்டறைலேர்ந்து வந்த மாதிரி. வியர்வையும் எண்ணெயும் வருஷக்கணக்கா ஏறுன ஆல்டர் சாம்பல் கலந்த பழுப்பா இருக்கும், நார் ஓட்டைக்குள்ள கருப்பு அடைஞ்சிருக்கும். நீர்த்த பழுப்பு ஸ்டெயினைத் துணில தொட்டு ரெண்டு மூனு தடவை, நடுவுல காய விட்டு, கடைசியா கருப்பு மெழுகைத் தேய்ச்சு துடைச்சு எடுத்தோம். அதே மெழுகு விரிசல் கோட்டுக்குள்ளயும் போகும், அப்போதான் கோடு கண்ணுக்கு வரும். ஆனா பாடி பூரா ஒரே அளவு போகக்கூடாது, கை படுற பக்கம் ஜாஸ்தி, பின்பக்கம் மேல்மூலைல ஒன்னுமே இல்ல, அங்க கோடு இருக்கு, அழுக்கு இல்ல.

உலோகம், பிளாஸ்டிக், நெக்

இதைச் சீக்கிரம் முடிச்சிடறேன். நிக்கல் பூச்சு மங்கும், பால் படிஞ்ச மாதிரி ஆகும், துரு புள்ளி வரும். குரோம் சுலபத்துல மங்காது, அதனால என்ன வாங்குறீங்கன்னு பாத்து வாங்கணும். மூடுன டப்பால ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவில ப்ரிட்ஜ், ஸ்க்ரூ, ட்யூனர் மூடி இதுகளைத் தொங்க விட்டு எடுப்பாங்க. இதை வீட்டுக்குள்ள, டூல்ஸ் இருக்கிற ரூம்ல பண்ணீங்கன்னா அந்த ஆவி உங்க ஸ்பேனர், உளி எல்லாத்தையும் சேர்த்து ரெலிக் பண்ணிடும். எடுத்த உடனே பேக்கிங் சோடா தண்ணில முக்கி ஆசிட்டை அடக்கணும், இல்லனா துரு தன்பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். ட்யூனர் பல்லுக்குள்ள ஆசிட் போகவே கூடாது, பழசா தெரியணும், பழசா வேலை செய்யக்கூடாது. ப்ரிட்ஜ்ல உள்ளங்கை படுற சேடில் (கம்பி உக்காருற துண்டு) தலைகள் மட்டும் மெருகு ஏறியும் சுத்தி இருக்கிறது மங்கியும் இருக்கணும், அதனால ஆசிட்டுக்கு அப்புறம் அந்த எடத்தைத் துணியால தேய்ச்சு பளபளப்பைத் திருப்பிக் கொண்டு வந்தோம்.

பிக்கார்டு டார்டாய்ஸ் கலர். 60கள் முதல் பாதில வந்தது செல்லுலாய்டு, காலப்போக்குல சுருங்கி ஸ்க்ரூவை இழுக்கும், ஓரம் தூக்கும். இப்போ கிடைக்கிறது வேற பிளாஸ்டிக், சுருங்காது, அதை நெருப்பு காட்டி வளைக்கிறவங்க உண்டு, பாக்க நல்லாவே இருக்காது. பளபளப்பைக் குறைச்சு, விரல் நகம் படுற எடத்துல நுண்ணிய கீறல் போட்டு விட்டாச்சு. ஒரு விஷயம், ஸ்டீல் வுல் எடுக்கிறதுக்கு முன்னாடி பிக்கப்பை ரூமை விட்டே வெளிய கொண்டு போய்டுங்க. அந்த இரும்புத் தூள் காந்தத்துல போய் ஒட்டினா எடுக்கவே முடியாது.

நெக்குதான் காசுக்கு மதிப்பு. மத்ததெல்லாம் பாக்குறவனுக்கு, இது வாசிக்கிறவனுக்கு. பின்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுற புது லாக்கரை நாலு ஜீரோ ஸ்டீல் வுல்லால மழமழன்னு ஆக்கி, ஃபிங்கர்போர்டு ரெண்டு ஓரத்தையும் லேசா உருட்டி விட்டோம், முதல் அஞ்சு ஃப்ரெட் வரைக்கும் ஜாஸ்தி, மேல போகப் போக கம்மி. மேப்பிள் ஃபிங்கர்போர்டா இருந்திருந்தா லாக்கர் தேஞ்சு கருத்த திட்டுகள் போட வேண்டியிருக்கும், ரோஸ்வுட்ல அந்தத் தலைவலி இல்ல.

முடிவு எப்படி வந்துச்சு

கோர்த்து, ஃப்ளாட்வூண்ட் கம்பி போட்டு குடுத்தாச்சு. அவர் ஒத்திகைக்கு எடுத்துட்டுப் போனதுல கூட வாசிக்கிற கீபோர்டுக்காரர் கவனிக்கவே இல்ல, கிட்டாரிஸ்ட் மட்டும் கைல வாங்கிப் பாத்து எந்த வருஷம்னு கேட்டிருக்கார். அவர் விரலை வெச்ச எடம் எது தெரியுமா, அந்த வெளிர் கட்டமும் ஓட்டையும்தான்.

தோத்த எடமும் இருக்கு. வாசனை. 60 வருஷ கிட்டார் கேஸைத் திறந்தா வர்ற அந்த நெடி இதுல இல்ல, லாக்கர் வாசனைதான் வருது, அதுக்கு ஒரு வழியும் கிடையாது. பின்பக்க பக்கிள் தேய்மானம் இன்னும் கொஞ்சம் சிதறி இருந்திருக்கலாம்.

சத்தம்? "அண்ணா, டோனே மாறிடுச்சு"ன்னு போன் பண்ணார். மாறியிருக்க வழியே இல்ல, பிக்கப் அதே, மரம் அதே, தேஞ்சது உள்ளங்கை அகலம். மாறினது என்னன்னா அவர் புது பேஸை கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கிட்டுத் திரிஞ்ச ஆள், இப்போ அந்த பயம் இல்லாம போட்டு வாசிக்கிறார், நெக் கைக்குப் பழகுன மாதிரி இருக்கு, கம்பி வேற ஃப்ளாட்வூண்டா மாறியிருக்கு. பழசுன்னு கண்ணு சொன்னா காது நம்பும். 2012ல வெளியான ஒரு ஆய்வுல கைதேர்ந்த வயலின் கலைஞர்களுக்கு கண் மறைக்கிற கண்ணாடி மாட்டி ஸ்ட்ராடிவேரியும் புது வயலினும் குடுத்துப் பாத்தாங்க, பெரும்பாலானவங்களால எது பழசுன்னு சரியா சொல்ல முடியல, பிடிச்சதா எடுத்ததும் புதுசைத்தான். மரத்தையே ஆக்சிஜன் இல்லாம வறுத்து பழசாக்குற டோரஃபிகேஷன், மார்ட்டின் கிட்டார் கம்பெனி 2015ல விடிஎஸ்னு கொண்டு வந்ததெல்லாம் வேற விஷயம். அதுல மரத்தோட உள்கட்டமைப்பே மாறுது, வெளி வேஷம் இல்ல.

இதை ஏமாத்துன்னு சொல்றவங்களுக்கு

அயர்லாந்து கிட்டாரிஸ்ட் ரோரி காலகரோட 1961 ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) படத்தைக் காட்டி, "அவர் வியர்வை சிந்தி சம்பாதிச்சதை நீ காசு குடுத்து வாங்குற"ன்னு சொல்லுவாங்க. அந்தக் கிட்டார்ல பெயிண்டே கிட்டத்தட்ட இல்ல, 2024 ஏலத்துல 8 லட்சத்து 89 ஆயிரம் பவுண்டுக்கு மேல போய் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போச்சு. அந்தக் கோபம் எனக்குப் புரியுது, ஆனா அது ரசனைச் சண்டை. ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலனோட ஃபிராங்கென்ஸ்டைன் கிட்டாரை 2007ல தழும்போட நகல் எடுத்து 300 பீஸ் வித்தாங்க, ஒன்னு 25,000 டாலர், வாங்குன யாரும் எட்டி வாசிச்ச கிட்டார்னு நெனச்சு வாங்கல. என் ரசனையைக் கேட்டா, பாதி பெயிண்ட் போன ஹெவி ரெலிக் பத்துல ஒன்பது எனக்குப் பிடிக்காது. நெஜமான 62கள்ல பெரும்பாலானது அவ்ளோ அடிபட்டதே இல்ல.

ஏமாத்து எங்க ஆரம்பிக்குதுன்னா, ரெலிக்னு சொல்லாம விக்கும்போது. இதுக்கு நாங்க செஞ்சது, நெக் பாக்கெட்டுக்குள்ள (நெக் வந்து மாட்டுற குழி) பாடில செஞ்ச வருஷத்தையும் "புது பார்ட்ஸ், பழசாக்கப்பட்டது"ங்கிறதையும் சூட்டுக்கோலால பதிச்சாச்சு, நெக் அடிப்பக்கமும் அப்படியே. மை போட்டா யாராவது துடைச்சிடுவாங்க. நம்ம ஆளுக்கு இது அவ்வளவா பிடிக்கல, கழட்டினாதானே தெரியும்னு சமாதானம் ஆனார்.

அது இல்லனாலும் தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. யூவி டார்ச்சுக்கு பழைய நைட்ரோ மஞ்சள் பச்சையா ஒளிரும், புதுசு அப்படி இல்ல. வால்யூம் பாட்ல (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடில இருக்கிற பார்ட்) தயாரிப்பாளர் கோடும் வருஷமும் வாரமும் இருக்கும், 304ல ஆரம்பிச்சா ஸ்டாக்போல், 137னா சிடிஎஸ், அடுத்து வர்ற எண்கள் வருஷமும் வாரமும். 1964 வாக்கு வரைக்கும் பெயிண்ட் காயுறப்போ பாடி எதையும் தொடாம நிக்க ஆணி அடிச்சாங்க, அந்த ஓட்டை பிக்கார்டுக்கு அடில தேடுவாங்க. 62, 63 வாக்குலேர்ந்து நெக் பாக்கெட்ல ஒரு குச்சியைத் திருகிப் பிடிச்சு பெயிண்ட் அடிச்சதுல அங்க பெயிண்ட் படாத ஒரு பட்டை இருக்கும். சால்டர் கலைஞ்சிருக்கா, நெக் அடில தேதி என்னன்னு வரிசையாப் போகும். நாங்க ஆணி ஓட்டை வேணும்னே போடல. மூடியோட ஓட்டை வாசிச்ச கதையைச் சொல்லுது, ஆணி ஓட்டை எந்த ஃபேக்டரில பொறந்துச்சுன்னு பொய் சொல்லும், அந்த எல்லையைத் தாண்ட எனக்கு இஷ்டம் இல்ல.

இன்னொன்னும் சொல்லணும், நெஜமாவே பழைய கருவி கைல இருந்தா இதுல எதையும் அது மேல செய்யாதீங்க. மதிப்பு அதோட அசல் ஃபினிஷ்லதான் இருக்கு, சும்மா பாலிஷ் போட்டாலே சிலர் முகம் சுளிப்பாங்க.

சில மாசம் கழிச்சு செட்டப்புக்கு பேஸ் திரும்ப வந்துச்சு. நாங்க போடாத விரிசல் ஒன்னு கீழ் கொம்புல தானா ஓடியிருந்துச்சு, துரு அப்படியே அடங்கி நின்னிருந்துச்சு, சோடா வேலை செஞ்சிருக்கு. பிக்கப்போட மேல் மூலைல, ஈ கம்பி பக்கம், கட்டைவிரல் படுற எடம் மழமழன்னு ஆகியிருந்துச்சு, பிளாஸ்டிக் ஓரமே லேசா உருண்டுடுச்சு, அது முழுக்க அவர் வாசிச்சதுல வந்தது. ஹெட்ஸ்டாக் நுனில புதுசா ஒரு சில்லு, உள்ள மரம் பளிச்னு வெள்ளையா.

"சிம்பல் அண்ணா. இதுக்கும் கொஞ்சம் பழுப்பு தடவி விட்டுடறீங்களா, தனியா தெரியுது."

வேணாம், இது உன்னோடது, தானா கருக்கட்டும்னு சொல்லி, கம்பி உயரத்தை மட்டும் சரி பண்ணிக் குடுத்து அனுப்பிட்டேன்.